“வீட்டை கொண்டு போ”: கடைசி நாட்களில் எங்கள் வீடுகளில் நடந்தது

கனகராயன் (மாங்குளம்)

அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். நாற்பது வருட வெற்றிலை, புகையிலை. விடியற்காலை பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தே வைத்தியம் எல்லாம் செய்து முடித்தோம். ஏழு மாதத்தில் கழுத்தில் திரும்ப வந்தது. கஞ்சி கூடச் சரியாக இறங்காமல் போனபோது, வயிற்றில் துளை போட்டு ரியூப் வைக்கலாம் என்றார்கள். அப்பாவால் கதைக்க முடியாது. தங்கச்சியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில்தான் எல்லாவற்றையும் எழுதிக் காட்டுவார். அதில் எழுதினார்: “வேண்டாம். வீட்டை கொண்டு போ.”

லண்டனில் இருக்கும் அண்ணா போனில் கத்தினான். “காசைப் பற்றி யோசிக்காதை, கொழும்புக்குக் கொண்டு போ. அப்பாவைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியே?” அது காதில் இரைந்துகொண்டிருக்கத்தான், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது நான் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நோவை அடக்கும் மோபீன் பாணி தந்திருந்தார்கள். நோ வரும்வரை காத்திராமல் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், “அது கடைசி மருந்து தம்பி, குடுத்தால் ஆள் எழும்பாது” என்றார். பயத்தில் இரண்டு இரவு நான் கொடுக்கவில்லை. இரண்டாம் இரவு அப்பா எழுதினார்: “ஏதாவது தந்து முடிச்சு விடு.” எழுத்து கோட்டில் நிற்கவில்லை, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தார்.

விடிந்ததும் டொக்டரிடம் ஓடினேன். அவர் ஏசவில்லை. நோவுக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அது உயிரை எடுக்காது, முதல் ஓரிரு நாள் நித்திரை வரும், மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அன்று மத்தியானமே தொடங்கினேன். பத்தொன்பது நாள் இருந்தார். அந்த வசனத்தைத் திரும்ப எழுதவில்லை. இளநீரில் பஞ்சைத் தோய்த்து உதட்டில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

அப்பா அன்றிரவு சாவைக் கேட்டாரா, நான் கொடுக்காமல் வைத்த மருந்தைக் கேட்டாரா? உங்கள் வீடுகளிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா

2009 பெப்ரவரியில், கடைசிச் சண்டை நேரம், புதுமாத்தளனில் என் தம்பிக்கு முதுகில் செல் குண்டின் துண்டு பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பங்கருக்குள் கிடந்து, “என்னை விட்டிட்டுப் போங்கோ” என்றான். அந்த நாட்களில் எத்தனையோ பேர் அப்படிச் சொன்னார்கள். சிலரை விட்டுவிட்டுத்தான் வந்தோம். அதை என்னால் இன்னும் எழுத முடியாது. தம்பியைச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றினோம்.

மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோதுதான் அவன் உண்மையாகவே சாகக் கேட்டான். படுக்கைப்புண் எலும்பு தெரியும் அளவுக்கு. சலக்குழாய் அடைத்தால் காய்ச்சல். மலசலகூடத்துக்கு நானும் அம்மாவும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவனுக்கு அப்போது 24 வயது. “ஊசி போட்டுச் சாக விடுற நாடுகள் இருக்காம் அக்கா, அங்கை அனுப்பி விடு” என்பான். ஒருமுறை ஆறு நாள் சாப்பிடவில்லை.

பிறகு காற்று மெத்தை கிடைத்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க ஒருவர் எங்களுக்குப் பழக்கினார். சில்லு நாற்காலி உள்ளே போகக்கூடிய கதவோடு மலசலகூடம் கட்டினோம். அதற்குப் பிறகு அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை. இப்போது போன் திருத்துகிறான்.

2011இல் இங்கே அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் தம்பி கையெழுத்து வைத்திருப்பான். நானும் அது அவனுடைய உரிமை என்று ஒத்துக்கொண்டிருப்பேன். கதவு அகலமான ஒரு மலசலகூடம் இல்லாமல் ஒருத்தன் சாகக் கேட்டான். “பாரமாய் இருக்கிறேன்” என்று ஒரு ஆள் சொன்னால், அந்தப் பாரம் என்னவென்று முதலில் பாருங்கள்.

வவுனியாப் பிள்ளை (ஸ்காபரோ)

அக்கா, உங்கள் தம்பியின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பெரியம்மாவின் கதை வேறு மாதிரி. அவருக்கு நரம்பு நோய், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து கடைசியில் மூச்சு நிற்கும். மெத்தை, கட்டில், தாதி, நோ மருந்து என்று ஒன்றுக்கும் குறையில்லை. நீங்கள் சொன்ன மாதிரி, சாக உதவி கேட்கும் சட்டம் கனடாவில் 2016இலிருந்து இருக்கிறது. எழுத்தில் கேட்க வேண்டும், சாட்சி வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாக வந்து பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். சாவு கிட்டத்தில் இல்லாதவர்களுக்கும் 2021இல் திறந்துவிட்டார்கள், அவர்களுக்குக் குறைந்தது 90 நாள் மதிப்பீடு. அந்த இரண்டாவது கதவு எனக்கும் பயம்தான். உங்கள் தம்பி மாதிரிப் பிள்ளைகள்தான் அதற்குள்ளால் போவார்கள்.

ஆனால் பெரியம்மா தெளிவாக இருந்தார். ஊரில் தமிழ் படிப்பித்தவர். “சாப்பாட்டை விட்டு வடக்கிருந்து செத்த கோப்பெருஞ்சோழனை எத்தனை வகுப்புக்குப் படிப்பிச்சனான். அவனை ஒருத்தரும் தற்கொலைக்காரன் எண்டு சொல்லேல்லையே” என்றார். நாளை அவரே குறித்தார். அன்று காலை நாங்கள் சிவபுராணம் படித்தோம். ஊசி போட வந்தவர், கடைசியாக ஒருமுறை விருப்பமா என்று கேட்டார். தலையை அசைத்தார்.

செட்டிகுளத்தில் இருக்கும் சித்திக்கு மாரடைப்பு என்று சொன்னோம். எனக்கு வலிப்பது அந்தப் பொய்தான்.

ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்கிறவள்

துண்டு வெட்டியதற்காகக் கனகராயன் தம்பி வருந்த வேண்டாம். இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து குற்றமில்லை, இன்னொருவர் சாக உதவுவது குற்றம். ரியூப் வேண்டாம் என்று சுயநினைவோடு ஒருவர் சொன்னதைக் கேட்டு நடப்பது அதற்குள் வராது. நோய்தான் அப்பாவைக் கொண்டு போனது. இந்தியாவில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மீள முடியாத நிலையில் இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றுகூடத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நான் வாட்டில் காண்பது, ஆளைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்கிறார்கள். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்” என்று வெளியே நின்று கெஞ்சுவார்கள். உள்ளே அம்மா என் கையைப் பிடித்து, “எனக்குத் தெரியும் பிள்ளை, அதுகளுக்குச் சொல்லாதை” என்பார். கடைசியில் யாருக்கும் யாரோடும் கதைக்க நேரமில்லாமல் போய்விடும்.

கனகராயன்

மிஸ் எழுதியதை வாசித்துவிட்டு நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு 74, சலரோகத்தைத் தவிர வேறு வருத்தம் இல்லை. முதலில் கோபித்தார். “என்னை அனுப்ப அவசரமோ?” விளக்கு வைத்த பிறகு அவராகவே வந்து இருந்தார். “குழாய் ஒண்டும் வேண்டாம். நோ மருந்தை மட்டும் நேரத்துக்குத் தா, அப்பாவுக்குச் செய்த மாதிரிச் செய்யாதை.” இரண்டு இரவும் அவர் விழித்துத்தான் இருந்திருக்கிறார்.

“கட்டிலை விறாந்தையிலை போடு, பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வாற சத்தம் கேக்கோணும்” என்றார். அப்பாவின் கொப்பியை எடுத்து, அடுத்த பக்கத்தில் அம்மாவையே எழுதச் சொன்னேன். திகதியும் போட்டார். அண்ணாவுக்கு இன்று படம் பிடித்து அனுப்புகிறேன்.