ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் மட்டும் வலது சேனல் கரகரக்கிறது

லெட் செப்பெலினின் 1971 எல்பி. முதல் பக்கம் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில்தான் முடிகிறது. கிட்டார் சோலோ தொடங்கி உச்சக் குரல் வரை வலது ஸ்பீக்கரில் கரகரப்பு, 'ஸ' ஒலிகள் எல்லாம் சீறுகின்றன. பக்கத்தின் தொடக்கத்தில் சுத்தமாக இருக்கிறது. வேறு எல்பிகளிலும் சத்தமான கடைசிப் பாட்டு இப்படித்தான். ஒரு மாதமாக மெல்லக் கூடி வருகிறது.

பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், எம்.எம். (நகரும் காந்த வகை) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய பகுதி, 0.3 × 0.7 மில் எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி. ஊசி 400 மணி நேரம் தாண்டியிருக்கும்.

தட்டின் உள் வளையத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு 51 செ.மீ.யிலிருந்து 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும், அதனால் கொஞ்சம் கரகரப்பு எந்த டர்ன்டேபிளிலும் இயல்பு. ஆனால் இதே தட்டு வேறொரு டர்ன்டேபிளில் சுத்தமாக ஓடுகிறது. அதனால் பள்ளம் தேய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஊசியைப் பிரஷ்ஷால் துடைத்தாயிற்று, தட்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவியாயிற்று. ஊசி தட்டை அழுத்தும் எடை டிஜிட்டல் தராசில் 2.0 கிராம். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் பேர்வால்ட் புரோட்ராக்டரில், தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறது. ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின் முனை) வயர்களை இடம் வலமாக மாற்றினால் கரகரப்பும் இடது ஸ்பீக்கருக்குப் போகிறது, எனவே ஆம்ப் மேல் சந்தேகமில்லை. ஆன்டி-ஸ்கேட்டை (கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) 2லிருந்து 2.5க்கு ஏற்றினால் சற்றுக் குறைகிறது, ஆனால் இடது பக்கம் கரகரக்க ஆரம்பிக்கிறது. அஸிமத்தை (முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசியின் இடவலச் சாய்வு) மட்டும் இன்னும் தொடவில்லை. கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது, அது போதாதுதான்.

முதலில் அஸிமத்தைச் சரிபார்ப்பதா, இல்லை நேராக மைக்ரோலைன் (இன்னும் நுண்ணிய முனையுள்ள) ஊசிக்கு மாறிவிடுவதா?