மறு: கிராஃப்ட் சர்வைவலுக்கு என்ன சொல்? 'பிழைப்பு' வேண்டாமே

வணக்கம் ஐயா,

உறுப்பு மாற்று அறுவையில் வரும் கிராஃப்ட் சர்வைவலுக்கு, அதாவது மாற்றிவைத்த உறுப்பு (கிராஃப்ட்) தொடர்ந்து வேலை செய்வதற்கு, முன்வைக்கப்பட்ட 'பிழைப்பு விகிதம்' சுருக்கமான சொல்தான். ஆனால் "நோயாளிகளின் பிழைப்பு விகிதம் 90 விழுக்காடு" என்று எழுதினால், படிக்கிறவர் அவர்களெல்லாம் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள் போல என்றுதான் எடுத்துக்கொள்வார். சரி, அதைக்கூடப் பழகிவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு: ஆளுக்கும் உறுப்புக்கும் ஒரே சொல்லைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் சர்வைவல் என்ற ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்பதற்காக நாமும் ஓட்ட வேண்டுமா என்ன.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்கு மாற்றிவைத்தார். அதைப் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்தார், நிமோனியாவில் இறந்தார். உடல் புது இதயத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்று கொடுத்த மருந்துகள் அவருடைய எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்கிவிட்டன, தொற்று நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. ஆள் போனது இதயம் தோற்று அல்ல. சிறுநீரகத்தில் இதற்கு நேர் எதிராகவும் நடக்கும்: உறுப்பு செயலிழந்துவிடும், ஆள் டயாலிசிசுக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் இருப்பார், சிலர் இரண்டாவது சிறுநீரகமும் பெறுவார்கள்.

அதனால் ஆளுக்கு 'உயிர்வாழ்வு', உறுப்புக்கு 'நிலைப்பு' என்று பிரித்துவிடலாம் என்பது என் கட்சி. நோயாளர் உயிர்வாழ்வு விகிதம், மாற்றுறுப்பு நிலைப்பு விகிதம். கிராஃப்டுக்கு 'பதியம்' சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை: பதியம் போடும்போது வேர் பிடிக்கும்வரை கிளை தாய்ச்செடியோடுதான் இருக்கும், இங்கே முதல் நாளே வெட்டி எடுத்துவிடுகிறோம்!

இப்போது உண்மையான தலைவலி, டெத் சென்சார்டு கிராஃப்ட் சர்வைவல், அதாவது உறுப்பு வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் இறந்தால் அதை உறுப்பிழப்பாக எண்ணாமல் போடும் நிலைப்புக் கணக்கு. அகராதியைப் பார்த்து 'இறப்பு தணிக்கை' என்று போட்டால் சினிமா தணிக்கை வாரியம்தான் நினைவுக்கு வரும். 'இறப்பு நீக்கிய' என்பதும் தப்பு, ஏனென்றால் இறந்தவரை யாரும் கணக்கிலிருந்து நீக்குவதில்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட பத்துப் பேரை ஐந்தாண்டு கவனிக்கிறோம் என்று வையுங்கள். இரண்டு பேர் டயாலிசிசுக்குத் திரும்பிவிட்டார்கள், ஒருவர் சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார், மற்ற ஏழு பேருக்குக் குறையில்லை. உயிர்வாழ்வு 90 விழுக்காடு. இறப்பையும் உறுப்பிழப்பாகவே எண்ணினால் நிலைப்பு 70. சென்சார் செய்தால், புள்ளியியலில் கப்லானும் மையரும் 1958இல் கொடுத்த முறைப்படி, இறந்தவர் தன் கடைசி நாள்வரை கணக்கில் இருப்பார், அப்புறம் விலகிவிடுவார். அவர் அந்த இருவருக்கும் முன்னால் இறந்தாரா பின்னால் இறந்தாரா என்பதைப் பொறுத்து விடை 78க்கும் 80க்கும் இடையில் வரும். அதே பத்துப் பேர்தான், ஆனால் 90, 70, ஏறக்குறைய 80 என்று மூன்று எண். எது எந்த எண் என்று சொல்லாமல் "வெற்றி விகிதம்" என்று மொட்டையாகப் போடும் துண்டறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சென்சாரிங்குக்கு 'இடைவிலகல்' சரியாக வரும் என்று நினைக்கிறேன். ஊர் மாறிப் போனவர், ஆய்வு முடியும்வரை உறுப்பு நன்றாக இருப்பவர், எல்லாருக்கும் பொருந்தும். 'இறப்பை இடைவிலகலாகக் கொண்ட நிலைப்பு விகிதம்' நீளம்தான், இருக்கட்டும், ஒட்டிச் சுருக்கி ஒருவருக்கும் புரியாமல் செய்வதைவிட இது மேல்.

ரிஜெக்‌ஷனுக்கு (உடல் புது உறுப்பை ஒதுக்குவதற்கு) 'நிராகரிப்பு' நிலைத்துவிட்டது, அதைத் தொடாமல் விடுவோம். ஆனால் அதையே ஃபெயிலியருக்கும், அதாவது உறுப்பு செயலிழப்பதற்கும், போடாதீர்கள். நிராகரிப்பு வந்து மருந்தில் அடங்கிய உறுப்புகள் எத்தனையோ. நிராகரிப்பே இல்லாமல், பழைய நோய் திரும்பி வந்து செயலிழப்பதும் உண்டு.

டிலேடு கிராஃப்ட் ஃபங்ஷனுக்கு இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிறுநீரகம் மாற்றிய முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்தப் பெயரில் குறிக்கிறார்கள், பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும். 'தாமதச் செயல்தொடக்கம்' போதுமா? என்ன சொல் வைத்தாலும் அதில் 'தோல்வி' மட்டும் வேண்டாம், கட்டிலில் படுத்துக்கொண்டு தன் கோப்பைப் புரட்டுகிறவர் பயந்துவிடுவார்.