கானாசாவா பழைய தெரு: ஒரு நாள் போதுமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
நவம்பரில் டோக்கியோவில் வேலை. நடுவில் திங்கட்கிழமை லீவு. கியோட்டோவின் கூட்ட நெரிசல் வேண்டாம். கானாசாவா ஊரின் பழைய தேநீர் விடுதித் தெரு, ஹிகாஷி சாயா, எப்படி? அம்மாவும் வருகிறார், சுத்த சைவம்.

கடலூர் ஓ.டி.:
தாராளமாகப் போங்க தம்பி. 2015இலிருந்து டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் (புல்லட் ரயில்) நேராகவே போகிறது, சுமார் இரண்டரை மணி நேரம். 1820இல் அமைந்த தெரு. இருபக்கமும் மெல்லிய மரச்சட்டம் அடித்த மாடித் தேநீர் விடுதிகள். நம்ம புதுச்சேரி வைசியாள் வீதித் தாழ்வாரம் வெயிலை மறைக்கும். அங்கே அந்தச் சட்டம் தெருக்காரர் பார்வையை மறைக்கும். 'ஷிமா' விடுதிக்குள் டிக்கெட் எடுத்துப் போகலாம், மாடியை விடாதீங்க. ஜப்பானின் தங்கத்தாள் ஏறக்குறைய முழுக்க இந்த ஊர்ச் சரக்குதான். அதை ஐஸ்கிரீமில் ஒட்டி விற்பார்கள். தங்கத்துக்கு ஏது ருசி? போட்டோவுக்குத்தான்.

ரெட்டியார்பாளையம் அக்கா:
திங்களா? 21ஆம் நூற்றாண்டுக் கலை அருங்காட்சியகம் அன்றைக்கு வழக்கமாக லீவு. 2004இல் திறந்த வட்டமான கண்ணாடிக் கட்டடம். உள்ளே நீச்சல் குளம் போலவே ஒரு கலைப்படைப்பு; அதற்கு அடியில் ஆட்கள் உடுப்போடு நிற்பார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். அப்புறம் சாப்பாடு: காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கும். புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
சரிக்கா, லீவைச் செவ்வாய்க்கு மாற்றக் கேட்கிறேன்.