லாய்தன் போர், 1757: மறைவான அணிவகுப்பை மேசையில் எப்படி ஆடுவது?

கேள்வி – பகடைக்காரன்
1757 டிசம்பர் 5 அன்று சைலீசியாவில் நடந்த லாய்தன் போரை 6 மி.மீ. உயரப் படைவீரர் பொம்மைகளைக் கொண்டு மேசைப் போர் விளையாட்டாக ஆட ஏற்பாடு செய்துவருகிறேன். ஏறத்தாழ 8 கி.மீ. நீண்டிருந்த ஆஸ்திரிய அணி, 1 செ.மீ.க்கு 50 மீட்டர் என்ற அளவில் 160 செ.மீ.க்குள் அடங்கிவிடுவதால் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் போர்னே கிராமத்தருகே எதிரியின் வலப்பக்கத்தைத் தாக்குவதாகப் போக்குக் காட்டிவிட்டு, சிறு குன்றுகளின் மறைவில் தெற்கே நகர்ந்து இடப்பக்கத்தில் பாய்ந்ததால்தான், ஏறத்தாழ இருமடங்கு பெரிய படையைப் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வென்றார். மேசையிலோ எல்லாம் கண்முன் கிடக்கின்றன. ஆஸ்திரியத் தரப்பில் ஆடவிருப்பவர் வரலாறும் படித்தவர். அவரை எப்படி ஏமாற்றுவது?

பதில் – வரைபடப் பித்தன்
நடுவர் ஒருவரை அமர்த்துங்கள். பிரஷ்யப் படை வரைபடத்தில் மட்டும் நகரட்டும். ஆஸ்திரியர் பார்வைக்கு எட்டியதை மட்டும் நடுவர் மேசையில் வைக்கட்டும். படை இருப்பதுபோல் காட்டி ஏமாற்ற, வெற்று அட்டைகள் சிலவற்றையும் மேசையில் கலந்துவிடலாம்.

பதில் – மூன்றாம் வரிசை
மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லை. படித்தவர் எந்த அட்டையையும் நம்பாமல் முதல் சுற்றிலேயே சேமப்படையை (தேவைக்கென ஒதுக்கி வைத்த படையை) இடப்பக்கம் அனுப்பிவிடுவார். அவரை ஏமாற்ற முயல்வதைவிட அவர் கையைக் கட்டிவிடுவதே மேல். வலப்பக்கத் தளபதி லுக்கேசி உதவி கேட்டதால் ஆஸ்திரியத் தலைமைத் தளபதி லொரேன் இளவரசர் சார்ல்ஸ் சேமக் குதிரைப்படையை வடக்கே அனுப்பிவிட்டார். இடப்பக்கத் தளபதி நாதஷ்தி விடுத்த எச்சரிக்கை எடுபடவில்லை. ஆகவே ஆட்டத்தைப் பகல் ஒரு மணிக்கு, சாக்ஷூட்ஸ் கிராமத்தருகே முதல் தாக்குதலுடன் தொடங்குங்கள். சேமப்படை வடக்கிலேயே நிற்கட்டும். கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதைப் பகடை முடிவு செய்யட்டும். இடப்பக்க முனையில் ஆஸ்திரியருக்குத் துணையாக நின்ற வூர்ட்டம்பெர்க் படையினருக்கு மனவுறுதி எண்ணை (ஓடாமல் நிற்பார்களா என்பதை முடிவு செய்யும் எண்ணை)க் குறைவாகவே கொடுங்கள். அதன்பின் ஆஸ்திரியர் தெற்கு நோக்கித் திரும்பி, லாய்தன் ஊரையொட்டி நெருக்கியடித்து நின்றதே உண்மையான ஆட்டம். மதில் சூழ்ந்த தேவாலயத் தோட்டத்தை ஆஸ்திரியத் தரப்பின் வூர்ட்ஸ்பூர்க் படைப்பிரிவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் கோட்டைக்குரிய காப்பு எண்ணையே தரலாம்.

பகடைக்காரன்
கட்டளைத் தாமதம் நல்ல வழியாகப் படுகிறது. ஆனால் இப்படிக் கையைக் கட்டினால், ஆஸ்திரியத் தரப்பில் ஆட யார் முன்வருவார்?

மூன்றாம் வரிசை
வெற்றியின் அளவுகோலை மாற்றிவிடுங்கள். டிசம்பரில் விரைவாக இருட்டிவிடும். இருள் சூழும்வரை தேவாலயத் தோட்டம் அவர் வசம் இருந்தாலோ, லுக்கேசியின் குதிரைப்படை பிரஷ்யரின் இடப்பக்கத்தைத் தாக்கும்போது பிரஷ்யத் தளபதி திரீசனின் குதிரைப்படை குறுக்கிட்டு முறியடிக்காமல் தப்பினாலோ, அதை ஆஸ்திரிய வெற்றியாகவே கணக்கிடலாம்.