சங்கத்தின் குரூப் மெடிக்ளைமில் சேர்ந்தால் இஎஸ்ஐ-யை நிறுத்தலாமா?

பர்கூர் கிரானைட்:
கிருஷ்ணகிரி பர்கூர் ரோட்டில் சின்ன கிரானைட் பாலிஷ் யூனிட் நடத்துகிறேன். கட்டிங், பாலிஷ், லோடிங் எல்லாம் சேர்த்து 16 பேர். எங்கள் சங்கத்தில் உறுப்பினர் யூனிட்களின் ஆட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே குரூப் மெடிக்ளைம் போடுகிறார்கள், குடும்பத்துக்கு 3 லட்சம், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டாம். இதில் சேர்ந்தால் தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான இஎஸ்ஐ தேவையில்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் கட்டுவது சிரமம், ஆட்களை அம்போவென்று விடவும் மனசில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் கணக்கர்:
நிறுத்தவே நிறுத்தாதீர்கள் அண்ணா. 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஃபேக்டரியில் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ கட்டாயம், வேறு எந்த பாலிசி எடுத்தாலும் அது போகாது. உங்கள் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. 15,000 சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்து மாதம் 600 ரூபாய்தான் வருகிறது. மெடிக்ளைம் ஆஸ்பத்திரி பில்லோடு சரி. ஸ்லாப் சரிந்து காலில் விழுந்து ஒரு ஆள் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தால் அடுப்பு எப்படி எரியும்? வேலையில் அடிபட்டவருக்கு இஎஸ்ஐ-யில் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், உயிரே போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். சங்கப் பாலிசியை 21,000 தாண்டிய ஆபரேட்டர், சூப்பர்வைசருக்குப் போடுங்கள், அவர்களுக்குத்தான் இப்போது ஒன்றுமே இல்லை.

காவேரிப்பட்டினம் மாம்பழக்கூழ்:
நாங்கள் இதே மாதிரி ஒரு பாலிசியில் இருக்கிறோம். பழைய வியாதிக்கு கிளெய்ம் கிடைப்பது உண்மைதான். ஆனால் ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள், பல பாலிசிகளில் ஒரு நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3 லட்சத்துக்கு 3,000. எங்கள் பாய்லர் ஆள் அம்மாவைச் சேர்த்தபோது 6,000 ரூம்தான் காலி என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அதையே கொடுத்துவிட்டார்கள், ரூம் வரம்பைப் போல இரண்டு மடங்கு என்று கடைசியில் இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே கணக்கில் பாதியை வெட்டிவிட்டது, மருந்து பில் மட்டும் முழுசாக வந்தது. ஆட்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம், புது ஆள் சேர்ந்தால் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விடாமல் அவர் பெயரில் ஈ-கார்டு வந்ததா என்று பாருங்கள்.

தர்மபுரி ஏஜென்ட்:
இன்னொன்று. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் பிரீமியத்துக்கு மேல் சங்கம் ஆட்களிடம் வசூலிக்கக் கூடாது, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ-யின் விதியே அப்படித்தான். பிரீமியத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, 2025 செப்டம்பரில் விலக்கு வந்தது தனிநபர் பாலிசிக்குத்தான்.

பர்கூர் கிரானைட்:
ரொம்ப நன்றி. லோடிங் ஆட்கள் கான்ட்ராக்டர் மூலம் வருகிறார்கள், அவர்களுக்கும் இஎஸ்ஐ நான்தான் கட்ட வேண்டுமா?

ஓசூர் கணக்கர்:
கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் பொறுப்பு உங்கள் தலையில்தான் அண்ணா. நீங்களே கட்டிவிட்டு அவர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். அவர் இஎஸ்ஐ கட்டிய சலான் நகலைக் கொடுத்த பிறகே பில்லை பாஸ் பண்ணுங்கள்.