சிறுநீரகக் கல்லுக்கு ஷாக் வைப்பது வீண் செலவா?

கொண்டலாம்பட்டி தறிக்காரர்:
ஷாக் வைத்தால், அதாவது வெளியிலிருந்து மெஷினால் அதிர்வலையைச் செலுத்தினால், கல் பொடியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வலது பக்கம் 14 மி.மீ. கல். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இரண்டு தடவை வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் உள்ளே கருவி விட்டு லேசரால்தான் உடைத்தார்கள். இரண்டு தடவை கட்டிய பணம், தறி ஓடாத நாட்களின் கூலி, எல்லாம் போச்சு. இந்தச் சிகிச்சையே தேவையில்லை என்பேன்.

அஸ்தம்பட்டிவாசி:
அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தேவையே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மனைவிக்கு 8 மி.மீ. கல், ஒரே தடவைதான் வைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு டீ வடிகட்டியைத் தனியாக வாங்கி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் அதில் ரவை மாதிரி பழுப்பாகத் துகள்கள் விழுந்தன. உங்கள் சி.டி. ரிப்போர்ட்டில் ஹெச்.யு. என்று ஓர் எண் இருக்கும். கல்லின் அடர்த்தி அது. 1000-க்கு மேல் போனால் உடைவது கஷ்டம். கல் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் பாருங்கள்.

கொண்டலாம்பட்டி தறிக்காரர்:
ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். 1280. லோயர் கேலிக்ஸ் என்று போட்டிருக்கிறது. அந்த ஸ்கேன் ஷாக்குக்கு முந்தைய வாரம் எடுத்தது. அப்படியென்றால் எண் அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

லித்தோ ரூம்:
பதினோரு வருடமாக இந்த ஷாக் வைக்கும் மெஷினில் வேலை செய்கிறேன். லோயர் கேலிக்ஸ் என்பது சிறுநீரகத்தின் அடிக்கிண்ணம். அங்கே கல் உடைந்தாலும் துகள்கள் மேலேறித்தான் வெளியே வர வேண்டும். வழி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தால் கிணற்றடி மணல் போல அங்கேயே தங்கிவிடும். உடம்பு பருத்தவர்களுக்குத் தோலிலிருந்து கல்வரை 10 செ.மீ.க்கு மேல் தூரம் இருந்தால் வெற்றி வாய்ப்பு குறையும்.

எங்கள் பக்கத் தவறும் உண்டு. தோலுக்கும் மெஷினுக்கும் நடுவில் தடவும் ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தால் அலை கல்வரை சரியாகப் போய்ச் சேராது. நிமிடத்துக்கு 120 அதிர்வலை வீதம் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் 60 முதல் 90 வரை நிதானமாக வைத்தால்தான் நன்றாக உடையும். வெளியே ஆறு பேர் காத்திருந்தால் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். நான் மறுத்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஏற்காடு காபித் தோட்டம்:
உடைந்தால் மட்டும் போதுமா? என் அம்மாவுக்கு ஷாக் வைத்த அன்றே மலையேறிவிட்டோம். இரவு பதினொரு மணிக்குக் குளிர்க்காய்ச்சல், சிறுநீரும் சரியாகப் போகவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் என் உயிர் என்னிடம் இல்லை. துகள்கள் சிறுநீர்க்குழாயில் வரிசை கட்டி அடைத்துக்கொண்டிருந்தன. உடனே சிறுநீர் இறங்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள். நான் தறிக்காரர் பக்கம்தான்.

லித்தோ ரூம்:
அம்மா பட்ட கஷ்டம் புரிகிறது. பெரிய கல்லாக இருந்தால் அப்படி அடைக்க வாய்ப்பு அதிகம். 20 மி.மீ.க்கு மேல் என்றால் முதுகில் சின்னத் துளை போட்டு எடுப்பதைத்தான் பொதுவாக முதலில் சொல்வார்கள். மலையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று நாள் சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அஸ்தம்பட்டிவாசி:
லேசரிலும் பல பேருக்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள், மயக்க மருந்தும் உண்டு. சின்னக் கல்லுக்கு, அடர்த்தி குறைவாக இருந்தால், அதை ஏன் சுமக்க வேண்டும்?

கொண்டலாம்பட்டி தறிக்காரர்:
என் தம்பிக்கு இப்போது 9 மி.மீ. கல். எண் 620, நடுக் கிண்ணம். ஷாக் பக்கமே போகாதே என்று போன வாரம்தான் சொல்லியிருந்தேன். அவன் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான், பரவாயில்லையா?

லித்தோ ரூம்:
ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் ஷாக் வைத்த இடத்தில் ரத்தக் கசிவு வரலாம். அவராக நிறுத்திவிடவும் கூடாது. இதய மருத்துவரிடமும் கேட்க வேண்டும்.

கொண்டலாம்பட்டி தறிக்காரர்:
சரி. திங்கட்கிழமை மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நானே கூடப் போகிறேன். ஷாக்கா லேசரா என்று இந்த எண்களைச் சொல்லிக் கேட்போம். ஆனால் 1280 என்று தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் பணம் வாங்கினார்களே, அதை என்னால் மறக்க முடியாது.