கடலில் இருந்து குழந்தையைத் தூக்கி வந்தவன் என் நண்பன். அந்த அம்மா அவனைப் பார்க்கணும் என்கிறார். கூட்டிப் போகலாமா?

எண்ணூர் ரோட்டுக்காரன்:

எங்கள் குப்பம் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருக்கிறது. குப்பத்தின் பெயர் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம், காணவில்லை என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஏற்கனவே ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஐந்து வயசுப் பையன். சாயங்காலம் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவனைக் காணோம் என்று அவன் அம்மா தெருவில் ஓடி வந்ததில் இருந்து எங்கள் தெருவில் யாரும் வீட்டுக்குள் இல்லை. பெண்கள் திருவொற்றியூர் வரை போய் கோவில், மார்க்கெட், பஸ் ஸ்டாப் எல்லாம் பார்த்தார்கள், பசங்க கடை கடையாக ஏறி கேமரா பார்த்தார்கள், ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொன்னோம். ஒரு கடைக் கேமராவில் பையன் கடற்கரைச் சந்தில் திரும்புவது தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பக்கத்துக் குப்பங்களிலும் போகவில்லை, எல்லா பைபர் போட்டும் தேடுவதற்குத்தான் இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், மரைன் போலீஸ் வந்தது. கடைசியில், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவில், கல்லுக்கு நடுவில் பார்த்தது என் நண்பன். வேறு யாரையும் தொட விடாமல் அவனே இறங்கி எடுத்து, தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, கரை வரைக்கும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

அடக்கம் முடிந்தது, பால் தெளித்தாச்சு. ஆனால் இவன் இன்னும் கடலுக்குப் போகவில்லை. மீன் வாசனையே ஆகவில்லை என்கிறான், ராத்திரி தூங்க முடியாமல் குடிக்கிறான், கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறான். ஸ்டேஷனில் வேறு வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதில் இன்னும் பயந்து போயிருக்கிறான்.

இப்போது அந்த அம்மா நாத்தனார் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார், என் பிள்ளையை எடுத்தவனை ஒரு தடவை பார்க்கணும் என்று. பெரியவர்கள் கூடவே கூடாது, ஆறின புண்ணைக் கிளறாதே என்கிறார்கள். எந்தப் புண் ஆறிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவனும் மாட்டேன் என்கிறான், அவர் என்ன கேட்பாரோ, நான் என்ன சொல்வேனோ என்று. கூட்டிப் போகலாமா வேண்டாமா? இன்னொன்று, தெருமுனையில் பையன் படம் போட்டுப் பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க மன்றத்துப் பசங்க பணம் வசூல் பண்ணுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, எப்படித் தடுப்பது என்றும் தெரியவில்லை.

பழைய கட்டுமரம்:

தம்பி, நான் காசிமேடு. 2004 டிசம்பர் 26 அன்றைக்கு எனக்கு இருபது சொச்சம் வயசு. அலை இறங்கினதும் நாங்கள்தான் இறங்கித் தேடினோம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, போய்விட்டோம். பெரியவர்களை எடுத்தது எதுவும் எனக்கு இப்போது நினைவில் நிற்கவில்லை. ஒரு சின்னப் பெண் பிள்ளை மட்டும் நிற்கிறது, காதில் கம்மலோடு. ரொம்ப நாள் கழித்து என் மகள் பிறந்து காது குத்தும் அன்றைக்கு நான் மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டேன், ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் இறந்தவர் வீட்டுக்குச் சோறு போச்சு, ஆள் போச்சு, அதிகாரிகள் போனார்கள். எடுத்தவன் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவன் ஆம்பளை, கடல்காரன், அவனுக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். உன் நண்பன் வீட்டுக்கும் ஆள் போகணும். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரியே போய் உட்காருங்கள். பேசச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். கடலுக்குக் கூப்பிடவும் வேண்டாம், கரையில் வலை சரிபண்ணும் வேலைக்குக் கூப்பிடுங்கள், கை வேலையாக இருக்கும், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். அம்மாவைப் பார்க்கிற விஷயத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வார்டு நர்ஸ்:

மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அரசு ஆஸ்பத்திரிதான். கேட்டதில் முதலில் நண்பனைப் பற்றிச் சொல்கிறேன்.

தூக்கம் வராதது, அந்தக் காட்சியே கண்ணில் நிற்பது, மீன் வாசனையோ கல்லோ பட்டால் திடுக்கென்று ஆவது, இதெல்லாம் முதல் சில வாரங்களில் யாருக்கும் வரும். பைத்தியம் பிடிக்கிறது என்று அர்த்தம் இல்லை, அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நிறைய பேர் அந்தப் பயத்திலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே மெல்ல மெல்லக் குறையும். ஒரு மாசம் தாண்டியும் குறையவில்லை, அல்லது இப்போதே சாப்பாடு தூக்கம் சுத்தமாக இல்லை, வாழ்ந்து என்ன பண்ணப் போகிறேன் என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அரசு மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். நேரில் என்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. குடியைப் பற்றி அறிவுரை சொன்னால் கேட்க மாட்டான், ஆனால் தூங்குவதற்காகக் குடிக்கிற தூக்கம் நடு ராத்திரியில் கலைந்துவிடும், அப்போதுதான் அந்தக் காட்சி இன்னும் மோசமாக வரும். இதைச் சொன்னால் கேட்பான், ஏனென்றால் அது அவனுக்கே நடந்துகொண்டிருக்கும்.

ஒன்று செய்யாதீர்கள். தேடப்போன பசங்களை எல்லாம் ஒரு நாள் உட்கார வைத்து நடந்ததை ஒவ்வொருத்தனாகச் சொல்ல வைக்கலாம் என்று யாராவது நல்லெண்ணத்தில் கிளம்புவார்கள். அதை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, சிலருக்கு அது கெடுதலாகக்கூட முடிகிறது. அவர்கள் 2011-ல் வெளியிட்ட கையேட்டில் இருப்பது ரொம்ப எளிது: என்ன தேவை என்று பார், அவன் பேசினால் கேள், தேவையான ஆளிடம் சேர்த்து விடு. மேலே அண்ணன் சொன்னது அதேதான்.

அந்த அம்மா பார்க்கணும் என்பது பற்றி: அவர் கேட்கிறார், அதுதான் முக்கியம். யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை, அவராகக் கேட்கிறார். ஆனால் நண்பனுக்கும் சம்மதம் வரணும், வராமல் இழுத்துக்கொண்டு போனால் இரண்டு பேருக்கும் கெடுதல். இன்றைக்கு மாட்டேன் என்றால் "இப்போது முடியவில்லை, கண்டிப்பாக வருவான்" என்று அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். பதிலே இல்லாமல் விடாதீர்கள், பதில் வராவிட்டால் ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

மூலக்கொத்தளம்:

இதுவரை இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இதற்கு எழுதணும்.

என் மகள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஏழு வயசு. மழை நேரம், திறந்து கிடந்த கால்வாய். அவளை எடுத்தவர் யாரோ ஒரு பெயின்டர், வேலைக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்து இறங்கியவர், எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. நான் வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். அப்புறம் அவரைத் தேடித் தேடி அலைந்தேன். சொந்தக்காரர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள், போன பிள்ளையை விட்டுவிட்டு யாரையோ தேடுகிறான் என்று.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கடைசியாக என் பிள்ளை ஒரு மனுஷன் கையில் இருந்தாள், அந்த மனுஷனை நான் பார்க்கணும். எப்படி எடுத்தாய், தலையைப் பிடித்துக்கொண்டாயா, முகத்தைத் துடைத்தாயா, இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில், ஸ்டேஷனில், எல்லாரும் என் பிள்ளையை ஒரு கேஸாகப் பேசினார்கள், தப்புச் சொல்லவில்லை, அவர்கள் வேலை அப்படி. அந்த ஆளைக் கடைசியில் வியாசர்பாடியில் கண்டுபிடித்தேன். அவர் என்னைப் பார்த்ததும் அழுதார், "பாப்பா செருப்பு ஒரு கால்ல இருந்துச்சு சார், அதைக் கழட்டி மண்ணைத் துடைச்சு மறுபடி மாட்டிவிட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் நான் முதல் தடவை தூங்கினேன்.

உன் நண்பன் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான் என்று எழுதியிருக்கிறாய். அந்த அம்மாவுக்கு அது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், தெரிந்தவர்கள் யாரும் அவரிடம் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள். போய் அதைச் சொல்லச் சொல்லு. வேறு யாரையும் தொட விடவில்லை என்பதையும். அவர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், கேட்காததைச் சொல்ல வேண்டாம், பொய்யும் வேண்டாம். "கஷ்டப்பட்டிருப்பானா" என்று கேட்பார். எனக்குத் தெரியாதும்மா, நான் எடுத்தப்போ அமைதியாக இருந்தான் என்று சொன்னால் போதும்.

பேனர் வேண்டவே வேண்டாம். எங்கள் தெருவில் வைத்தார்கள், பாசத்தில்தான். நான் பால் வாங்கப் போகும்போது என் மகள் சிரித்துக்கொண்டு நின்றாள், திரும்பி வரும்போதும் நின்றாள். வெயிலில் வெளுத்து ஓரம் கிழிந்து தொங்கும் வரை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வசூலான பணத்தை அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் படிப்புக்குக் கொடுங்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய்:

ஸ்டேஷன் விஷயம் மட்டும் சொல்கிறேன், வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இயற்கைக்கு மாறான சாவு எதுவானாலும் விசாரணை நடக்கும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 194. உடலைப் பார்த்து எழுதும்போது அக்கம்பக்கத்தில் குறைந்தது இரண்டு பேரை வைத்துத்தான் எழுதணும், எடுத்தவரிடமும் வாக்குமூலம் வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டதால் அவர்மேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், தனியாக அனுப்பாமல் கூட ஒருத்தர் போங்கள். குடும்பத்துக்கும் ஒன்று: இறப்பைப் பதிய 21 நாள்தான், அதற்குள் பதிந்துவிட்டதா என்று தெருவில் விவரம் தெரிந்த ஒருத்தர் பார்த்துக்கொடுங்கள், அவர்களை அலைய விடாதீர்கள்.

அப்புறம் காணவில்லை என்று போன அந்த மெசேஜ். இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், எங்கள் குரூப்பில் நேற்றுக்கூட வந்தது, கீழே ஒருத்தர் "பிள்ளை பிடிக்கிறவன் வேலை" என்று எழுதியிருந்தார். இது விளையாட்டு இல்லை. 2018 மே மாசம் இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்தியில் பழவேற்காட்டில் ஒரு ஆளை அடித்தே கொன்றார்கள், போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன ஒரு வயசான அம்மாவைப் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்ததற்காக அடித்துக் கொன்றார்கள். முதலில் அனுப்பினவர்களே "தேடல் முடிந்தது, படத்தை அழித்துவிடுங்கள், இது கடல் விபத்து" என்று எல்லாக் குரூப்பிலும் போடணும்.

ராயபுரம் வாசி:

எல்லாரும் அழுவதைப் பற்றி எழுதுகிறீர்கள், எனக்குக் கோபம் வருகிறது. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பியதில் இருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போகிறது, வடக்கே நமக்கு அரித்துக்கொண்டே வருகிறது. பிள்ளைகள் விளையாட இருந்த மணல் போய்விட்டது, மிச்சம் ரோடு, கல், கடல். ஐந்து வயசுப் பிள்ளை சந்தில் திரும்பினால் நேராகக் கல்மேல்தான் நிற்கணும். அந்தச் சந்துகளில் எல்லாம் தடுப்பு வைக்கச் சொல்லி மனு கொடுப்போம், நான் எழுதித் தருகிறேன். அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பேசுகிறவர்கள் முதலில் அந்தச் சந்தைப் போய்ப் பார்க்கட்டும்.

மூலக்கொத்தளம்:

மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வீட்டுக் கையெழுத்தை இப்போது கேட்காதீர்கள், முன் வரிசையில் நிற்கவும் கூப்பிடாதீர்கள். என்னைக் கூப்பிட்டார்கள், போய் நின்றேன், எதற்கு நின்றேன் என்றே தெரியாமல்.

எண்ணூர் ரோட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூலக்கொத்தளம் அண்ணா எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சட்டை விஷயம் அந்த அம்மாவுக்குத் தெரியாது என்பதை அவன் யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றான், அவன் அம்மாவும் கூட வருகிறார். மன்றத்துப் பசங்களிடம் பேனர் பேச்சை எடுத்தேன், பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் முறைத்தார்கள், தலைவரிடம் இன்று பேசுகிறேன். நர்ஸ் அக்கா, இன்னொன்று கேட்கணும். அந்தப் பையனோடு விளையாடுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் "அவன் எப்போ வருவான்" என்று கேட்கிறார்கள், வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். என்ன சொல்வது?

வார்டு நர்ஸ்:

ஊருக்குப் போயிருக்கிறான் என்றால் காத்திருப்பார்கள், நாளைக்கு அப்பா ஊருக்குக் கிளம்பினால் அலறுவார்கள். தூங்குகிறான் என்றும் சொல்லக் கூடாது, தூங்கவே பயப்படுவார்கள். கடலில் விழுந்துவிட்டான், மூச்சு நின்றுவிட்டது, செத்துவிட்டான், இனி வர முடியாது என்று அவரவர் அம்மாவே சொல்லட்டும், மடியில் வைத்துக்கொண்டு. அந்த வயசில் ஒரு தடவை சொன்னால் புரியாது, மறுபடி மறுபடி கேட்பார்கள், அதே பதிலையே சொல்லணும். சாவு விளையாட்டு விளையாடினால் அடிக்காதீர்கள், அப்படித்தான் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். படுக்கையை நனைத்தாலும் திட்ட வேண்டாம். பால்வாடி டீச்சரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள், வீட்டில் ஒன்று அங்கே ஒன்று என்று ஆகிவிடக் கூடாது.